ஜப்பான் சார்

2010-ல் ஒரகடத்தில் நிசான் கார் ஆலை திறந்தார்கள். அதற்குப் பிறகு படப்பையில் வாடகை ஏறியது. கூடவே புது ரக மனிதர் ஒருவரும் முளைத்தார். கம்பெனிப் பயிற்சிக்கு ஜப்பான் போய்த் திரும்பியவர். ஜப்பான் சார் என்று கேட்டால் தெருவுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள்.

போகுமுன் இவர் சந்நிதியில் நின்றபடியே போனில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டவர். "கோயில்ல பேசாதடா" என்று அம்மா காலமெல்லாம் சொல்லியும் ஏறாதது, தோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு கோயிலில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏறிவிட்டது. அங்கே தோரி என்கிற மர வாசலைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றிவிட்டுச் சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்தாராம். கூட வந்த ஜப்பான்காரர் ஷூவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாராம். இதை மட்டும் அவர் மனைவிதான் சொல்வார்.

இப்போது சிவன் கோயிலுக்கு வந்தால் கோபுர வாசலிலேயே இடுப்பை வளைக்கிறார். உள்ளே நடுவில் நடப்பதில்லை. "நடுப்பாதை சாமிக்குங்க. நாம ஓரமா போகணும்." அவர் விட்ட நடுவில் ஊரே புகுந்து நின்றுகொள்ள, பிரதோஷத்தன்று அவருக்குக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் முதுகு தரிசனம்.

குழாயடியில் கச்சேரி களைகட்டும். கை கழுவ அங்கே நீண்ட காம்பு வைத்த அகப்பை. இங்கே பிளாஸ்டிக் மக். முதலில் இடக்கை, அப்புறம் வலக்கை, பிறகு இடது உள்ளங்கையில் ஏந்திய தண்ணீரால் வாய் கொப்பளிப்பு, மறுபடி இடக்கை. கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்சத் தண்ணீர் வழிந்து காம்பைக் கழுவும். மக்கை நிமிர்த்தினால் பின்னால் நிற்பவர் வேட்டியைக் கழுவுகிறது.

சந்நிதியில் ஜப்பான் முறை இது: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, இன்னொரு முறை குனிய வேண்டும். அவர் தட்டிய தட்டில் அர்ச்சனையே நின்றுபோனது. பூ விற்கும் ஆயா எட்டிப் பார்த்தது.

"தம்பி, சண்டிகேஸ்வரர் அந்தாண்ட கீறாரு. அங்க போய்த் தட்டு."

சிவன் சொத்தில் எதையும் எடுத்துப் போகவில்லை என்று சண்டிகேஸ்வரரிடம் கையைத் தட்டிக் காட்டுவது நம் வழக்கம். அதையும் மெதுவாகச் செய்யச் சொல்வார்கள் பெரியவர்கள்.

"அது கணக்கு காட்டுறது ஆயா. இது சாமியைக் கூப்பிடுறது."

"அவரு எங்கப்பா போனாரு, கூப்பிட?"

தட்டில் ஐந்து ரூபாய் நாணயம் விழுந்தது. அங்கே ஐந்து யென்தான் ராசியான காணிக்கையாம். ஜப்பானிலிருந்து இறக்குமதியானவற்றில் குருக்களுக்கு அறவே பிடிக்காதது இந்த ராசிதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர் சந்நிதியில் போனை எடுப்பதில்லை, வரிசையை முந்துவதில்லை. அவர் அம்மாவுக்கு அதுவே போதும்.

கம்பெனி மேலாளர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். அடுத்த பயிற்சிக்கு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், இசுமோ பக்கம் வேண்டாம். அங்குள்ள பெரிய கோயிலில் நான்கு முறை தட்ட வேண்டும்.