உதடும் ஓசையும் ஒவ்வாமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

பகலெல்லாம் கணிப்பொறியோடு மல்லாடிவிட்டு, இரவில் அதே கணிப்பொறியில் திரைப்படம் பார்க்க அமரும் நாவலூர் அடுக்குமாடி இல்லறத்தாரைப் பீடிக்கும் உபாதைகளுள், வைத்திய சாஸ்திரம் கவனியாது விட்டது ஒன்றுண்டு. கதாநாயகன் வாயை மூடிய பிறகு அவன் வசனம் கேட்பதே அது. “மாப்பிள்ளை, இவர் பேசி முடிச்சப்புறம்தான் சத்தம் வருது” என்று ஊரிலிருந்து வந்த மாமியார் திருவாய் மலரும் க்ஷணத்தில், மென்பொருள் நிறுவனத்தில் பெரும்பதவி வகிக்கும் மாப்பிள்ளையின் கௌரவத்துக்கு நேரும் சேதத்தை அளக்கும் கருவி இன்னும் உண்டாகவில்லை.

மூலகாரணத்தை ஆராயுமிடத்து, படமும் ஒலியும் தனித்தனியே சுருக்கப்பட்டு, துணுக்குதோறும் அது வெளிப்பட வேண்டிய நேரம் குறிக்கப்பட்டிருப்பதும், ஒலி நட்டுவனாரைப் போலத் தாளத்தை விட்டுக்கொடாது செல்ல, படமென்னும் நர்த்தகி பின்தங்கினால் சில அடவுகளை விழுங்கியும், முந்தினால் சற்றே நின்றும் அதனோடு சேர்வதும் புலனாகும். நொடிக்கு 24 ஃபிரேமில் ஒன்று தவறினால் கண் அறியாது. ஒலியில் கடுகளவு வெட்டு விழுந்தாலும் காது சினங்கொள்ளும். அந்த 24ஐ யாரோ ஒரு புண்ணியவான் 23.976 என்று மாற்றி, ஒலியை மட்டும் பழைய வேகத்திலேயே விட்டுவிட்டால், மணிக்கு 3.6 நொடி பிளவு விளைந்து, இடைவேளைக்குள் நாயகியின் உதட்டில் வில்லன் பேசுவான். புளூடூத் ஸ்பீக்கர் செய்யும் தாமதமோ தனி அத்தியாயத்துக்குரியது.

ஒலி முந்தினாலும் பிந்தினாலும் குற்றம் ஒன்றே என்பது பூர்வபட்சம். அது பொருந்தாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுப்படி, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்வர். பிந்தினாலோ 125 வரை அறியார். காரணம் நாவலூருக்குக் கிழக்கே கடற்கரையில் பிரத்தியட்சம்: வங்கக் கடல்மேல் மின்னல் வெட்டியபின், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 நொடி வீதம் தாமதித்தே இடி வந்துசேர்கிறது. இடி முந்தி மின்னல் பிந்தியதைச் சிருஷ்டிகாலந்தொட்டு எவரும் கண்டதில்லை. ஆகவே ஒலி பிந்துதல் குறை. முந்துதல் அதர்மம் என்பதே சித்தாந்தம்.

மொழி மாறுவதைத் தமிழர் பொருட்படுத்துவதில்லை என்பதும் இங்கே நோக்கத்தக்கது. கன்னடம் பேசிய உதடுகளின்மேல் தமிழை ஏற்றி 1944இல் ஏ.வி. மெய்யப்பன் வெளியிட்ட ‘ஹரிச்சந்திரா’வை ஏற்றுக்கொண்ட சமூகம் இது. சொல் வேறாயினும் பொறுக்கும். நேரம் வேறாயின் பொறாது.

பரிகாரம் எளிது. வி.எல்.சி. பிளேயரில் ஒலி பிந்தினால் ‘ஜே’ விசையையும், முந்தினால் ‘கே’ விசையையும் அழுத்துக. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 50 மில்லிநொடி நகரும்.