மருமவன் வீட்டு இரும்பு

வாங்க லண்டன் துரையே! ஈஸ்ட் ஹாம்ல வீடு வாங்கிட்டீரு, மாஷா அல்லாஹ். நம்ம ஏர்வாடியில அனலு சும்மாவே வந்து மண்டையில உக்காருது. உமக்கு அங்க அதுக்கும் மாசாமாசம் பில்லு. அந்த அனலைத் தர்ற பழைய இரும்பு ரேடியேட்டரு அசிங்கமா இருக்கு, கழட்டி எறியப்போறேன்னு சொல்றீரு. தாராளமா எறியும். எதை எறியிறோம்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு எறியும்.

விக்டோரியா ராணி காலத்துச் சாமான்னு வீட்டை வித்தவன் சொன்னானாக்கும். அந்தம்மா மௌத்தானது 1901-ல. உம்ம தெரு வீடுங்க அப்போ நிலக்கரியில குளிர் காஞ்ச வீடுங்க. கூரையில வரிசையா புகைக்கூண்டு நிக்கிறது கண்ணுல படலையா? வெந்நீரைக் குழாயில ஓட்டுற வித்தை அந்த மாதிரி வீடுகளுக்குப் பரவலா வந்ததே 1960, 70-கள்லதான். அதுக்கு முந்தி இந்த வார்ப்பிரும்பு நின்னதெல்லாம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சர்ச்சு, சீமான்கள் மாளிகை. எங்கேயோ இடிச்சதை எவனோ தூக்கியாந்து உம்ம வீட்டுல நட்டிருப்பான். இல்லைன்னா அது நேத்து வார்த்ததாவும் இருக்கும். பழைய தினுசுல புதுசு இன்னமும் வார்த்து விக்கிறான்.

அது வார்ப்பா, எஃகுத் தகடான்னு பாக்க காந்தத்தை எடுத்துக்கிட்டு ஓடாதீரும், காந்தம் தகட்டுலயும்தான் ஒட்டும். விரலை மடக்கித் தட்டும்: தகடு லொட லொடங்கும், வார்ப்பு கனமாப் பேசும். ஓரத்துப் பட்டையில பேரு எதுவும் வார்த்திருக்கான்னு தடவிப் பாரும். பட்டை எத்தனை, ஒரு பட்டைக்குத் தூண் எத்தனை, உசரம் எவ்வளவு, குழாய்க்குக் குழாய் இடைவெளி எவ்வளவுன்னு எழுதி வையும். பெயின்ட்டை மட்டும் சுரண்டிடாதீரும். பழசா இருந்தா ஈயம் கலந்திருக்கும், புள்ளைங்க புழங்குற வீடு.

சரி, அதுக்கு என்ன நோவு? மேல சில்லுன்னும் கீழ சூடாவும் இருந்தா காத்து அடைச்சிருக்கு. மூலையில உள்ள திருகைச் சாவி போட்டுத் தொறந்தா புஸ்ஸுன்னு போயிரும். கீழ சில்லுன்னு கிடந்தா சேறு தங்கியிருக்கு, அலசணும். சொட்டுனா முதல்ல வால்வைப் பாரும். உடம்பே கீறியிருந்தாத்தான் மாத்துறது. வார்ப்புல பத்தவைக்கிறது எல்லாக் கைக்கும் வராது, ஒரு பக்கம் ஒட்டுனா மறுபக்கம் விரியும். குளிர்ல ஹீட்டரை அணைச்சு வீட்டைப் பூட்டிட்டு ஊருக்கு வந்தாலும் உள்ள தண்ணி உறைஞ்சு பொளந்துரும்.

பழைய இரும்புன்னா இளக்காரமா? நம்ம பாம்பன் ரயில் பாலத்தைப் பாரும், 1914-ல தொறந்தது. உப்புக்காத்தைத் தின்னுக்கிட்டே நூறு வருசத்துக்கு மேல ரயிலைச் சுமந்துச்சு. 2022 கடைசியிலதான் ஓட்டத்தை நிறுத்துனாங்க. நீரு இன்னும் பெட்டியே பிரிக்கலை, அதுக்குள்ள பழசாயிருச்சுங்கிறீரு!

ஆனா நெசத்தையும் சொல்லணும். வார்ப்பு சூடேற நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். காலையில அரைமணி மட்டும் போட்டுட்டு வேலைக்கு ஓடுற வீட்டுக்குத் தகட்டு ரேடியேட்டருதான் தோது. அப்பவும் அகலத்தைப் பாத்து வாங்காதீரும். அந்த அறைக்கு எத்தனை வாட் சூடு வேணும்னு கணக்குப் போட்டு வாங்கும். நாளைக்கு ஹீட் பம்ப் வைக்கிற நெனப்பிருந்தா தண்ணி அவ்வளவு கொதியா வராது, அதுக்கு ரேடியேட்டரு பெருசா இருக்கணும். கையிலிருக்கிற பெருசை விட்டுட்டு அப்புறம் தேடுவீரு.

கழட்டியே தீருவேன்னா, காயலாங்கடைக்காரனைக் கூப்பிடாதீரும். நானும் தராசு பிடிச்சவன், எங்க சாதி எனக்குத் தெரியும். “இதைத் தூக்க நாலு ஆளு வேணும், கூலியை நீங்கதான் தரணும்”னு முகத்தைச் சுளிப்பான். உம்ம காசுலயே தூக்கிட்டுப் போயி, மணலடிச்சு, பெயின்ட் பூசி, பத்து மடங்கு விலைக்கு நிறுத்துவான். பழைய வீட்டுச் சாமான் விக்கிற யார்டு அங்க இருக்கு. ரெண்டு மூணு இடத்துல விலை கேளும். எழுதி வச்ச அளவையெல்லாம் மடமடன்னு ஒப்பிச்சிட்டு, அப்புறம் கேளும். வெவரமான ஆளுன்னு பயப்படுவான். வர்ற காசுல எனக்குப் பங்கு வேண்டாம். அனுப்பித்தான் ஆவேன்னு அடம்புடிச்சா, உம்ம மாமி காதுக்கு எட்டாம அனுப்பும்.