மாத்திரைக்குத் தொட்டுக்கொள்ள இட்லி

வேலூரில் அக்கா வீட்டில் காலை உணவு இரண்டு பந்தி. முதல் பந்தி அத்தானின் மாத்திரைகளுக்கு. மீனெண்ணெய், கால்சியம், இரும்பு, துத்தநாகம், மல்டிவைட்டமின் என்று டப்பாக்கள் எழுந்த பிறகுதான் இட்லி உட்கார முடியும்.

"இப்பல்லாம் சாப்பாட்டுல சத்து எங்கடா இருக்கு?" என்பார் அத்தான்.

இருந்ததை நாம் விரட்டுகிற அழகைச் சொல்ல வேண்டும். அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டித் தவிட்டை மாட்டுக்குக் கொடுக்கிறோம். பி1 வைட்டமினில் பெரும்பங்கும் மாட்டுக்கே போகிறது. 1890-களில் ஜாவாவில், தீட்டிய அரிசியைத் தின்று கால் விளங்காமல் விழுந்த கோழிகள், தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடந்ததை எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பார்த்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கோழிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அத்தான் கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு இரும்பு மாத்திரையை எடுப்பார். அதைக் காபியோடு விழுங்குவார். இரும்பு உடம்பில் சேராமல் தடுப்பதில் காபி கைதேர்ந்தது. எலுமிச்சைச் சாறாவது குடித்தால் உள்ளே சேரும். வெயிலுக்கு அஞ்சி ஏசி அறையில் அடைந்துகொண்டு டி வைட்டமினுக்கும் காசு கொடுக்கிறார். வேலூர்க்காரர் வெயிலை விலைக்கு வாங்குவதை வேறெங்கே பார்ப்பது?

பி, சி வைட்டமின்கள் நீரில் கரைபவை. உடம்புக்கு வேண்டியதுபோக மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். அந்த வகையில் அக்கா வீட்டுச் சாக்கடை நல்ல போஷாக்கோடு ஓடுகிறது. ஏ, டி அப்படியல்ல. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும், அளவு மீறினால் கெடுதலும் செய்யும்.

மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? முட்டை தொடாத, பாலும் ஒத்துக்கொள்ளாத என் அம்மாவுக்குக் கால் மரத்துப்போனது. டாக்டர் ரத்தம் சோதித்து பி12 எழுதிக் கொடுத்தார். எந்தக் கீரையை நம்பியும் அது வராது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் தருவதும் காரணத்தோடுதான். குறை தெரிந்து விழுங்கினால் மருந்து. தெரியாமல் விழுங்கினால் மொய்.

போன மாதம் அத்தானும் ரத்தம் சோதித்தார்.

"எல்லாம் நார்மல்!"

"அப்ப நிறுத்திடலாமே அத்தான்?"

"நார்மலா இருக்கறதே இந்த டப்பாக்களாலதான்டா!"

அடுக்களையிலிருந்து அக்கா குரல் வந்தது: "அப்ப மத்தியானமும் டப்பாவையே பொங்கச் சொல்லு."