ஏப்ரல் 4, அரண்மனை மைதானம்

ஏப்ரல் 4 விடிந்தால் போதும், கைபேசி வரலாறு சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் பிறந்தநாளாம். 1964-இல் இதே நாளில் பில்போர்டு பட்டியலின் முதல் ஐந்து இடங்களையும் பீட்டில்ஸே பிடித்துக்கொண்டார்களாம். நடுவில் ஒரு பற்பசை விளம்பரம். அதற்கும் கீழே: 2003, பெங்களூர் அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் இந்தியக் கச்சேரி. அந்த வரிக்குள் நானும் நிற்கிறேன், பெயர்தான் போடவில்லை.

அன்றைக்கு இந்த நாளின் மகிமை எதுவும் எங்களுக்குத் தெரியாது. மழை பெய்து, செருப்பெல்லாம் சேறு. ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே மட்டி வாட்டர்ஸின் பாட்டிலிருந்துதான் எடுத்தார்கள். அவர் பிறந்தநாளில் நம் ஊரில் வாசிக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், அல்சூர்ப் பையன்கள் நாங்கள் ஒரு பேனராவது கட்டியிருப்போம்.

என்னோடு வந்தவர் எங்கள் தெரு ஆர்கெஸ்ட்ரா டிரம்மர். பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில் எம்.எஸ்.வி.யும் ராஜாவும் வாசித்துத் தேறிய கை. எல்லோரும் பாடகர் மிக் ஜாகரின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்க, இவர் கண் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸை விட்டு நகரவில்லை. "இத்தனை பெரிய மேடைக்கு இத்துனூண்டு செட்டு. கவனிச்சியா தம்பி, ஸ்நேர் அடிக்கறப்ப ஹை-ஹாட்டை அடிக்காம கையை எடுத்துடறாரு. அந்த இடைவெளியிலதான் பாட்டே நடக்குது" என்றார். அந்தக் கச்சேரியில் எனக்குப் புரிந்த ஒரே சங்கதி அதுதான். மறுவாரமே ஒரு கல்யாண ரிசப்ஷனில் அதே மாதிரி கையை எடுத்துப் பார்த்தார். தாளம் விட்டுப்போகிறதென்று பாடகர் முறைத்தார்.

ஜாகருக்கு அப்போது 59. "தாத்தா என்னமா குதிக்கறாரு குரு!" என்று சிரித்தோம். இளையராஜாவும் அவரைப் போலவே 1943-இல் பிறந்தவர்தான், ஜாகரைவிட ஒன்றிரண்டு மாதம் மூத்தவர்கூட. அவரைத் தாத்தா என்று சொல்ல எங்களில் ஒருவனுக்கும் வாய் வந்திருக்காது. ஸ்டோன்ஸ் 2023-இல், ஜாகருக்கு எண்பது ஆன பிறகு, புது ஆல்பம் போட்டார்கள். ராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினார். சார்லி வாட்ஸ் 2021-இலேயே போய்விட்டார். சிரித்த நாங்களோ இன்று கச்சேரி என்றால் முதலில் விசாரிப்பது, சாய்ந்து உட்கார நாற்காலி உண்டா என்பதைத்தான்.

அதே மைதானத்தில் 2007-இல் அயர்ன் மெய்டன், 2011-இல் மெட்டாலிகா. இப்போது அந்தப் பக்கம் போனால் பெரும்பாலும் கல்யாண மண்டப அலங்கார விளக்குகள். பெரிய கச்சேரிக்குத் தும்கூர் ரோடு பக்கம் மாதாவரா வரை போக வேண்டும். போகிற நேரத்தில் கிருஷ்ணகிரிக்கே போய்விடலாம். எங்கள் டிரம்மர் அண்ணனின் இடத்தில் லேப்டாப் வாசிக்கிறது. அதற்குக் கையை எடுக்கும் பிரச்சினை இல்லை.

கைபேசிக்கு இனி பிப்ரவரி 9-க்கும் தீனி உண்டு. 1964-இல் அன்றுதான் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் முதன்முதலாகத் தோன்ற, ஏழு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் டிவி முன் உட்கார்ந்தார்கள். 2025-இல் அதே நாளில் நம் சர்ச் ஸ்ட்ரீட் நடைபாதையில் எட் ஷீரன் கிடாரோடு பாடிக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் நேராக வந்து மைக் ஒயரைப் பிடுங்கினார். அனுமதி கொடுக்கவில்லை என்றது போலீஸ். வாங்கியிருந்தோம் என்றார் ஷீரன். இந்த ஊரில் வீட்டு வரி கட்டி வாழ்கிறவனுக்கு இரண்டுமே நம்பும்படியாகத்தான் இருந்தது.