டேங்க் தட்டும் அண்ணாச்சி

பொழுது விடியுமுன் மொட்டைமாடியில் 'டொக் டொக்' சத்தம் கேட்டால் போர்ட் பிளேரின் டெலானிபூரில் எந்த வாடகைக்காரனும் பதற மாட்டான். வீட்டுக்கார அண்ணாச்சி சின்டெக்ஸைத் தட்டுகிறார், அவ்வளவுதான்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நடுவிரலை மடக்கி அடியிலிருந்து தட்டிக்கொண்டே மேலேறுவார். தண்ணீர் இருக்கும்வரை சத்தம் அமுங்கி வரும். மட்டம் தாண்டியதும் கணீரென்று மாறும். அந்த இடத்தில் சுருதி பார்க்கும் மிருதங்கக்காரர் மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, இன்னொரு தட்டு தட்டி உறுதிசெய்துகொண்டு, சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். நேற்றைய கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் நடுவிலுள்ள ஒரு சாணுக்கு மூன்று குடித்தனமும் பதில் சொல்லியாக வேண்டும்.

"ராத்திரி பதினொன்றரைக்கு ஃப்ளஷ் பண்ணது யாரு தம்பி? சும்மா கேட்டேன்."

ஊரிலிருந்து மாமியார் வந்திறங்கினால் பெட்டியை உள்ளே வைப்பதற்குள் தண்ணீர் பில்லுக்கான தலைக்கணக்கில் ஒன்று கூடியிருக்கும்.

அவர் பயமும் பொய்யில்லை. இங்கே வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப்போல இரண்டு மடங்கு. இருந்தும் ஜனவரி பிறந்தால் வானம் வறண்டு, ஊருக்குத் தண்ணீர் தரும் தனிகாரி அணை இறங்கத் தொடங்கும். முனிசிபல் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது போய், இன்னும் தள்ளித் தள்ளி வரும். போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. குழாய்க்கு அந்தச் செய்தி எட்டவில்லை. தண்ணீர் வந்த நிமிஷம் "பானி ஆகயா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவதும் இதே அண்ணாச்சிதான். கீழ்வீட்டுப் பாட்டிக்குக் குடம் தூக்கிக் கொடுப்பதும் அவரே.

ஆனால் பில் வரும் நாளில் இந்தப் பாசமெல்லாம் செல்லாது. போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வையுங்கள் என்றால், "குடும்பம் மாதிரி இருக்கோம், நமக்குள்ள எதுக்கு மீட்டர்?" என்பார். தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால், ஒரு வாளியில் குளிப்பவனுக்கும் ஷவரில் பாட்டுப் பாடுபவனுக்கும் ஒரே தொகை. அப்புறம் எவன் குழாயைச் சிக்கனமாகத் திறப்பான்? டேங்கின் மிதவை வால்வு தேய்ந்து, மோட்டார் ஓடும்போதெல்லாம் வழிந்து அவர் வெற்றிலைக் கொடிக்குப் பாய்கிறது. அது மட்டும் எந்தக் கோட்டிலும் வராது!

பொறுக்க முடியாமல் நானே வாஷர் வாங்கி மாட்டி, காசை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். மறுக்காமல் ஒப்புக்கொண்டார். மாசக் கடைசியில் பார்த்தால், வாஷர் விலையையும் தலைக்கணக்கில் பங்கு போட்டிருக்கிறார், மாமியாரையும் சேர்த்து.