சூத்திர சம்ரட்சணம்: ஓர் ஆராய்ச்சி

சில எழுத்துக்களுக்குள் பெரும்பொருளை அடக்கிக் காட்டுவதே சூத்திரத்தின் லட்சணம் என்று நம் இலக்கண நூலார் வகுத்த விதிக்கு, இக்காலத்தில் முற்றும் இணங்கி நடப்பது ஆபீஸ் ஜனங்கள் ஃபார்முலா என்று வழங்கும் எக்ஸெல் சூத்திரமே என்பது அடியேனுடைய துணிபு. சமக்குறியை முதலெழுத்தாகக் கொண்டு, விரலளவுக் கட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தபடியே, எங்கோ இருக்கும் டேட்டாபேஸிலிருந்து வந்திறங்கும் பல்லாயிரம் வரிகளைக் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகக் காட்டும் அதன் மகிமையை உணராதவர், அதை ஒருமுறையேனும் கைதவறி அழித்தறியாதவராகவே இருக்கவேண்டும்.

ஏடு பெயர்த்தெழுதுகிறவர் தம் சொந்தச் சரக்கை மூலத்தில் புகுத்தினால் அதை இடைச்செருகல் என்கிறோம். நாலு பிரதிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் என்றைக்காவது அதைப் பிடித்துவிடுவார். எக்ஸெலில் நேரும் இடைச்செருகலோ, மூலத்தை அடியோடு விழுங்கிவிட்டு, அதே கட்டத்தில், அதே எழுத்துருவில், மூலத்தின் முகத்தோடேயே வீற்றிருக்கும்.

இதைச் செய்பவர் துஷ்டர் அல்லர், பெரும்பாலும் பரோபகாரி. நான் முன்பு பணிசெய்த ஓர் ஆபீஸில், டோனர் இருப்பு 14 என்று சூத்திரம் காட்டியதைக் கண்ட பெரியவர் ஒருவர், அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்து, எனக்குச் சிரமம் தரலாகாது என்ற பேரன்பினால் தாமே அந்தக் கட்டத்தில் 16 என்று தட்டிவைத்து, “தம்பி, உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்” என்று சொல்லிப் போனார். டேட்டாபேஸ் நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டது. அலமாரியும் மெல்லக் காலியாயிற்று. அந்த எண் மட்டும் மார்க்கண்டேயரைப் போல என்றும் பதினாறாகவே இருந்தது.

பாமரருக்கே இது நேரும் என்று இறுமாக்க வேண்டாம். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் பொருளாதாரப் பேராசிரியர்கள் தேசங்களின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், 49-ஆம் வரிசை வரை செல்லவேண்டிய சராசரிச் சூத்திரம் 44-இலேயே நின்றுவிட, ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து தேசங்கள் கணக்கிலிருந்து நழுவின. இது இடைச்செருகல் அன்று, விடுபாடு. ஆயினும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கித் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர்களும் அதை அம்பலப்படுத்த 2013 ஆக வேண்டியிருந்தது.

இனி ரட்சண உபாயம். எக்ஸெலில் ஒவ்வொரு கட்டமும் பிறவியிலேயே ‘லாக்டு’ என்ற முத்திரையோடுதான் பிறக்கிறது. ஆனால் ‘புரொடெக்ட் ஷீட்’ என்ற கட்டளை பிறக்கும் வரை அந்த முத்திரைக்கு யாதொரு வீரியமும் இல்லை. கதவில்லாத நிலையில் பூட்டைத் தொங்கவிட்ட இந்தத் தத்துவத்தை நான் நெடுநாள் சிந்தித்தும் தெளிந்தேனில்லை. ஆகவே, பிறர் தட்டச்சு செய்யவேண்டிய கட்டங்களுக்கு மட்டும் முதலில் அம்முத்திரையை நீக்கிவிட்டு, பிறகு தாளைக் காப்பிட வேண்டும்.

இவ்விடத்தில் பூர்வபட்சி எழுந்து, காப்பிட்ட தாளுக்குள் டேட்டாபேஸ் சரக்கும் புகமுடியாதே, கள்வருக்கென்று எழுப்பிய மதில் நெல்வண்டியையும் மறிக்கிறதே என்று ஆட்சேபிப்பார். ஆட்சேபம் நியாயமானதே. மாக்ரோ எழுதி, ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் காப்பை அவிழ்த்து மறுபடி பூட்டுவோர் உண்டு. அது மத்திம மார்க்கம். சித்தாந்தமாவது, வந்திறங்கும் தரவுக்குத் தனித்தாள், சூத்திரத்துக்குத் தனித்தாள் என்று பிரித்து, பின்னதை மட்டும் பூட்டுவதாம். முன்னதில் சூத்திரம் சுட்டும் வரிகளை எவரேனும் அடியோடு வெட்டியெறிந்தால் அது ‘ரெஃப்’ என்று அலறுமாகையால், அத்தாளைக் கண்ணில் படாமல் மறைத்து, கோப்பின் அமைப்பையும் காப்பிடுவது உசிதம். பாஸ்வேர்டைப் பற்றி விஸ்தரிக்க அவசியமில்லை. தாளின் காப்பு கைத்தவறுக்கேயன்றித் திருட்டுக்கு அன்று என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

இத்தனையும் கற்றுத் தேர்ந்து, டோனர்க் கணக்கைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீடு சென்றேன். மறுநாள் அப்பெரியவர், கட்டம் தம் விரலுக்கு இணங்காததைக் கண்டு சிறிதும் வருந்தாமல், தாள் முழுவதையும் பிரதியெடுத்து, புதுக் கோப்பொன்றில் வெறும் எண்களாக ஒட்டி, தேவையான இடங்களைத் திருத்தி, ‘சரிபார்த்தது’ என்று பெயரிட்டு எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். அந்த ஆபீஸில் இன்று வழங்கும் பாடம் அவருடையதே.