மடிக்கணினி: ஐம்பொருள் ஆய்வு

மடிக்கணினி என்ற சொல்லில் கணினி பற்றி ஐயமில்லை. ஐயமெல்லாம் மடியில்தான். அதற்குத் தொடை, மடித்தல், சோம்பல், இறப்பு, ஆசாரம் எனப் பொருள் ஐந்து. (பசுவின் மடியைப் பால்வளத் துறைக்கு விட்டுவிடுகிறோம்.) கவுன்சலிங் முடிந்து, “பையனுக்கு உழைக்கிற லேப்டாப்பா ஒண்ணு வாங்கணும்” என்று வீட்டில் பேச்செழும் நாளில் இந்த ஐந்தையும் ஆராய்வதே முறை.

முதற்பொருள் எளிதில் தள்ளத்தக்கது. அடிப்புறம் சுடும், காற்றுத் துளையை அடைக்காதீர், நெடுநேரம் மடியில் வைக்காதீர் என்று பெட்டியோடு வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. மடியில் வைக்கலாகாத பொருளுக்கு மடிக்கணினி என்ற பெயர் எவ்வாறு பொருந்தும் எனின், இடுகுறிப்பெயர் என்க.

இனி மூலபாடம். அஃதாவது, விசைப்பலகை ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர். இதற்கு உரை சொல்லத் தகுதியுடையவர் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் சித்தி மகன் ஒருவரே என்பது குடும்ப மரபு. அவர் “ஐ7 எடுத்துக்கோ” என ஒரே சூத்திரத்தில் முடிப்பார். ஆனால் 2013-இல் வந்த நான்காம் தலைமுறை ஐ7 பிராசசர், 2022-இன் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5-இடம் தோற்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் தேடுவோர் ஐ-க்குப் பக்கத்து எண்ணை விட்டு, கோடு தாண்டி வரும் எண்ணைப் படிக்க வேண்டும். அதுவே வயதைச் சொல்லும்.

பாடபேதமும் உண்டு. பெட்டியில் 512 ஜிபி. விண்டோஸ் திரையில் 476. கடைக்காரர் திருடவில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. பை, மவுஸ், ஆன்டிவைரஸ் என ‘ஃப்ரீ’யாக வருவன இடைச்செருகல், ஆராய்ச்சியில் கொள்ளற்க.

சோம்பலாகிய மடிக்கு எதிராக வள்ளுவர் 61-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். கணினியோ மூடிய மாத்திரத்தில் உறங்குகிறது, உடையவனும் அவ்வாறே. திறந்த பின்னும் எழாத சோம்பலுக்குச் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் பெருங்காரணம். டவுன் பஸ் குலுக்கலும் அதற்கு ஆகாது. எஸ்எஸ்டி ஒன்றே மருந்து. ரேம் 16 இருந்தால் நலம். 8-தான் கட்டுமெனில், பின்னால் கூட்ட ஸ்லாட் உண்டா என்று கேட்டுவிடுக. போர்டிலேயே பற்றவைத்து வந்தால் விதித்தது விதித்ததுதான்.

இறப்பு பற்றி விரிப்பின் பெருகும். பேட்டரி, சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது தேயும். சூடு அதை விரைவுபடுத்தும். நான்கு பேருக்கு ஒரு பிளக் பாயின்ட் உள்ள ஹாஸ்டலில் கேமிங் லேப்டாப் வாங்குவோன், அதன் செங்கல் போன்ற சார்ஜரையும் நான்கு மாடி சுமப்பான். சிவில், மெக்கானிக்கல் மாணவர்க்கு வரைபட மென்பொருளுக்காக அந்தப் பாரம் தகும். பி.காம். மாணவர்க்கு அது முதுகுவலி மட்டுமே. இதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு: பி.இ. நான்காண்டு, பெரும்பாலான வாரண்டி ஓராண்டு. மீதி மூன்றாண்டு யார் பொறுப்பு எனின், குலதெய்வம் என்ப. நாமோ, பளபளப்பில் ஒரு படி இறங்கி, மிஞ்சிய பணத்தில் வாரண்டியை நீட்டுக என்போம்.

மடித்தல் என்னும் பொருளைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் என் அக்கா மகன். மூன்றாம் செமஸ்டரில் அவன் லேப்டாப்பின் கீல் முறிந்தது. திரையின் ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்திருக்கிறான். கீலைத் தாங்கிய பிளாஸ்டிக் விட்டுவிட்டது. சர்வீஸ் சென்டரில், “பிசிக்கல் டேமேஜ் சார், வாரண்டில வராது” என்றார்கள். ஸ்டிக்கரில் கீலுக்கு ஓர் எழுத்தும் இல்லை. கடையில் திரையைத் திறந்து மூடி, அசைத்துப் பார்க்காமல் பில் போடவிட்டது என் ஆய்வுக் குறைபாடு. மாமா என்ற முறையில் கூடப் போயிருந்தவன் நான்.

அக்கணினி இன்று சுவரில் சாய்ந்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது. இனி மடியாது, இன்னும் மடியவுமில்லை. வேறெவர் தொட்டாலும் திரை கழன்றுவிடும் என்பதால், ஐந்தாம் பொருளின்படி அவன் அதை மடியாகவே வைத்திருக்கிறான்.